வேலூரிலிருந்து கொல்கத்தா: விமானம் ஏறச் சென்னையா, பெங்களூரா?

சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் வங்காளக் குடும்பங்கள், வேலூர் காந்தி ரோட்டு விடுதிகளில் பெட்டி கட்டும்போது கேட்கும் கேள்வி இது. பெங்களூரிலிருந்து புறப்படும் விமானத்தில் சில நாள் கட்டணம் குறைவாகத் தெரிவதால்தான் இந்தக் குழப்பமே வருகிறது.

வானத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு நேர்கோட்டில் சுமார் 1,380 கி.மீ., பெங்களூரிலிருந்து சுமார் 1,550 கி.மீ. உயரத்தில் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும் ஜெட் விமானத்துக்கு இடையிலுள்ள 170 கி.மீ. கால் மணி நேர வேலைதான். சென்னையிலிருந்து ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம், பெங்களூரிலிருந்து இரண்டரைக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளலாம். தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்ப்பவருக்கு இது அதிகமாகத் தோன்றும். ஓடுபாதைவரை ஊர்ந்து போவதும், மேலேறுவதும், இறங்க முறை வரும்வரை வட்டமிடுவதும் சேர்ந்ததே அந்த நேரம்.

உண்மையான வித்தியாசம் தரையில் இருக்கிறது. மீனம்பாக்கம் வேலூரிலிருந்து சுமார் 130 கி.மீ.; காரில் வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் வழியாக மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும். பெங்களூரு விமான நிலையமோ நகரத்துக்கும் வடக்கே, தேவனஹள்ளியில் இருக்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போனால் நகர நெரிசலைத் தாண்டியாக வேண்டும்; பேரணாம்பட்டு மலைப்பாதையில் ஏறி, வி.கோட்டா வழியாகக் கோலாரைப் பிடித்தால் நெரிசல் மிச்சம், ஆனால் தையல் பிரிக்காத வயிற்றோடு கொண்டை ஊசி வளைவுகளில் யாரையும் அழைத்துப்போக எனக்கு மனம் வராது. மலைப்பாதையில் 200 கி.மீ.யை ஒட்டி வரும், ஓசூர் வழி அதைவிடக் கூடுதல்; எப்படிப் போனாலும் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. அதிலும் வேடிக்கை என்னவென்றால், வடகிழக்கில் இருக்கும் ஊருக்குப் போக முதலில் மேற்கே போகிறோம்.

கூட்டிப் பார்த்தால் சென்னை வழி இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. கட்டணத்தில் மிச்சமாகும் தொகையைப் பெங்களூரு டாக்சியே வாங்கிக்கொள்ளும். கார் வேண்டாம் என்பவர்கள் காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ரயிலில் போய், அங்கேயே கீழே இறங்கி மெட்ரோ பிடித்தால் விமான நிலையத்திலேயே இறங்கலாம். மடியில் பெரிய எக்ஸ்ரே உறையை நிமிர்த்திப் பிடித்தபடி அந்த மெட்ரோவில் உட்கார்ந்திருப்பவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நள்ளிரவு, அதிகாலை விமானங்களுக்கு மட்டும் இந்த வழி உதவாது. மெட்ரோ அப்போது ஓடாது.

காட்பாடியில் நிற்கும் ஹவுரா ரயில்களையும் ஒதுக்கிவிடக் கூடாது. 1,700 கி.மீ.க்கு மேல், 30 மணி நேரத்தை ஒட்டிய பயணம்தான். ஆனால் படுத்தே போகலாம். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போலக் குறைவதால், உடலுக்குள் அடைபட்ட காற்று விரிவடையும். ஆகவே மார்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், டிக்கெட் எடுக்கும் முன் எத்தனை நாள் கழித்துப் பறக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்குக் காட்பாடி ரயிலின் கீழ்ப் படுக்கைதான் சரி.