கலவைச் சருமம்: முகம் முழுக்க ஒரே கிரீமா, இடத்துக்கு ஒன்றா?

நெற்றி, மூக்கு, முகவாய் மூன்றும் மதியத்துக்குள் எண்ணெய் வழியும். கன்னமோ சிரித்தாலே இழுக்கும். எண்ணெய்ச் சுரப்பிகள் நடுமுகத்தில் அதிகம், கன்னத்தில் குறைவு என்பதால் வரும் வினை இது; இதுதான் கலவைச் சருமம். எல்லா இடத்துக்கும் ஒரே செட் போதும் என்பது ஒரு கட்சி. நடுமுகத்துக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று என்பது இன்னொரு கட்சி. உண்மையில் சில படிகளைத்தான் பிரிக்க வேண்டும்.

முதலில் ஒரு சோதனை. முகம் கழுவி, எதுவும் தடவாமல் ஒரு மணி நேரம் விட்டு, டிஷ்யூவை மூக்கிலும் கன்னத்திலும் தனித்தனியாக ஒற்றிப் பாருங்கள். மூக்கில் கறை, கன்னத்தில் இல்லை என்றால் கலவைச் சருமம்தான். ஆனால் கடுமையான ஃபேஸ்வாஷ் போடுகிறவர்களுக்கும் இதே முடிவு வரும். மென்மையானதற்கு மாறி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

ஃபேஸ்வாஷைப் பிரிக்கத் தேவையில்லை. சோப்பின் பி.எச். (அமில-கார அளவு) 9–10, சருமத்துடையது 5-ஐ ஒட்டி. அதனால் சோப்புப் போட்டால் கன்னம் காய்கிறது. நுரைக்காத கிரீம் கிளென்சர் கன்னத்துக்கு இதம், ஆனால் மூக்கோரத்தில் சன்ஸ்கிரீன் தங்கிவிடும். மென்மையான ஜெல் ஒன்றே போதும், கழுவும் வரிசைதான் முக்கியம்: மூக்கிலும் நெற்றியிலும் அரை நிமிடம் தேய்த்து, கடைசிப் பத்து விநாடி மட்டும் நுரையைக் கன்னத்துக்கு இழுங்கள்.

பிரித்தே ஆக வேண்டியது சாலிசிலிக் அமிலம். எண்ணெயில் கரைவதால் துளைக்குள் இறங்கி அடைப்பை இளக்கும். காய்ந்த கன்னத்தில் போட்டால் தோல் உரியலாம், எரியலாம். 2% திரவத்தை வாரம் இரண்டு இரவு, நடுமுகத்தில் மட்டும். ஃபேஸ்வாஷில் கலந்து வருவது ஒரு நிமிடத்தில் கழுவப்பட்டுப் போகிறது, அதை நம்பிப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் இதைத் தொட வேண்டாம். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) போடும் இரவிலும் இது வேண்டாம்.

நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) நேர் எதிர். எண்ணெயையும் மட்டுப்படுத்தும், ஈரம் வெளியேறாமல் காக்கும் கன்னத்தின் மேல்தோலையும் பலப்படுத்தும். எனவே முகம் முழுக்கப் போடலாம். 4–5% தாராளம், 10% போட்டால் சிலருக்குச் சிவந்து போகும். ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்குங்கள். மூக்கில் அடைத்த கரும்புள்ளிகள் உண்மையிலேயே இருந்தால் மட்டும் சாலிசிலிக். அழுத்தினால் மெல்லிய வெளிர் நூலாக வருவது கரும்புள்ளி அல்ல, துளையின் இயல்பான உள்ளடக்கம். மூக்கில் ஒட்டி உரிக்கும் பட்டையால் பிடுங்கினாலும் சில வாரத்தில் நிரம்பிவிடும்.

சாலிசிலிக் தொடங்கியதும் வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே சில பருக்கள் வந்து நான்கைந்து வாரத்தில் அடங்கினால் கவலையில்லை. இதுவரை வராத இடத்தில் அரிப்போடு சிவந்தால் அது எரிச்சல், அன்றே நிறுத்துங்கள்.

மாய்ஸ்சரைசரில்தான் அநாவசியச் செலவு. ஜெல் மட்டும் என்றால் கன்னத்துக்குப் போதாது. கெட்டி கிரீம் என்றால் மூக்கு பளபளக்கும். இரண்டு டப்பாவுக்குப் பதில் கிளிசரினும் செராமைடும் (தோலில் இயல்பாக உள்ள கொழுப்பு வகை) உள்ள இலேசான கிரீம் ஒன்று வாங்கி, அளவைப் பிரியுங்கள். பட்டாணி அளவு எடுத்து, ஈரம் காயும் முன் கன்னத்தில் தடவி, விரலில் மிஞ்சியதை மட்டும் நெற்றிக்கும் மூக்குக்கும். இரவில் கன்னத்துக்கு இன்னொரு அடுக்கு. இதற்குப் பிறகும் கன்னம் செதிலாக உரிந்தால்தான் இரண்டாவது டப்பா.

சன்ஸ்கிரீனைப் பிரிக்கவே கூடாது. எண்ணெய் வழியும் என்று மூக்கில் குறைத்துப் போடுவது வழக்கமான தவறு, எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30-க்குக் குறையாத ஜெல் வகையை இரண்டு விரல் நீளம் எடுத்து, முகத்துக்கும் கழுத்துக்கும் சமமாகப் போட வேண்டும். தடவும்போது அழுக்குபோல உருண்டு வந்தால் அடியில் போட்ட கிரீம் இன்னும் படியவில்லை என்று அர்த்தம். ஐந்து நிமிடம் பொறுத்து, தேய்க்காமல் ஒற்றிப் போட்டால் பெரும்பாலும் உருளாது.