85 ஆயிரம் சுவரில் போனது: வீடு விற்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

வீடு பார்க்க வந்தவர்கள் கிளம்பிப் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. கூடத்தில் அவர்கள் நின்ற இடத்தில் கிடக்கும் வெள்ளைப் பொடியை நான் இன்னும் பெருக்கவில்லை. 85 ஆயிரம் கொடுத்துப் பூசிய சுவரிலிருந்து உதிர்ந்த பொடி அது. ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

எங்களுடையது வெயிலும் புழுக்கமும் சேர்ந்தே இருக்கும் இடம், துவைத்த துணி இரண்டு நாளானாலும் நமுத்துத்தான் இருக்கும். வீடு நான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. திறந்தால் குப்பென்று ஒரு ஈர வாடை, பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை, கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து பெயின்ட் பொரிந்து கிடந்தது. பூஞ்சையை நாங்களே பார்த்துக்கொண்டோம். பீரோவை ஒரு சாண் தள்ளிப் போட்டு, சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஜன்னலைத் திறந்து ஃபேனைச் சுற்றவிட்டதில் அது அடங்கிவிட்டது. உப்புதான் அடங்கவில்லை, சுரண்டச் சுரண்ட வந்தது.

"இதோட வீட்டைக் காட்டினா பாதி விலைக்குக் கேப்பாங்கடா" என்றாள் அக்கா. சரி, வேலை தெரிந்தவர்களை வைத்துச் செய்வோம் என்று வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம், இந்த மாதிரி நாலைந்து இருக்கின்றன, எல்லாம் ஒரே குட்டையில் ஊறியவைதான்.

வந்தவர் நல்ல பேச்சுக்காரர். பையிலிருந்து கையடக்கமாக ஒரு மீட்டர் எடுத்தார், நுனியில் இரண்டு ஊசி. சுவரில் குத்தினார், சிவப்பு விளக்கு எரிந்து கீச்சென்று கத்தியது. "சார், சுவத்துக்குள்ள தண்ணி நிக்குது. உடைக்கவே வேணாம், உள்பக்கமா ஒரு ரசாயனக் கோட்டிங், மேல பட்டி, பெயின்ட். மூணு நாள். அஞ்சு வருஷம் கேரண்டி." மூன்றாம் நாள் மாலை அதே மீட்டரை அதே இடத்தில் வைத்தார். பச்சை! அந்தப் பச்சை விளக்கைப் பார்த்த நிம்மதியில்தான், வேலை முடிந்து ஒரு ராத்திரி கூட ஆகாத சுவருக்கு, 85 ஆயிரத்தையும் மொத்தமாகப் போட்டுவிட்டேன். ஊசி தொட்டது தடித்த புதுக் கோட்டிங்கின் மேல்தோலை மட்டும்தான், உள்ளே இருக்கும் சுவரை இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இன்னொன்று, சுவரில் உப்பு இருந்தாலே அந்த மீட்டர் ஈரத்தைக் கூட்டித்தான் காட்டுமாம். ஆக அந்தச் சிவப்பையும் முழுசாக நம்ப முடியாது, பச்சையையும் நம்ப முடியாது.

பதினேழாவது நாள், அதாவது இன்று. வீடு பார்க்க வந்த அம்மா, வீடு பிடித்துப்போய் ஜன்னல் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் கை சுவரில் பட்டது. அங்கே ஒரு குமிழ், ஒரு நாணயம் அளவுதான். விரலால் அழுத்தினார். பப்படம் மாதிரி நொறுங்கி, உள்ளேயிருந்து மாவாக உப்பு கொட்டியது, அவர் செருப்பின் மேலேயே. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கணவரை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் மாடியைப் பார்க்கக் கூட அவர்கள் ஏறவில்லை.

உடனே செயலியில் புகார் போட்டேன். முதலில் ஒரு பெண்: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." அடுத்து ஒருவர், ஜன்னலைப் பூட்டி வைத்திருந்தீர்களா என்று கேட்டார். திறந்துதான் இருந்தது என்றேன். "அப்போ வெளிக்காத்து ஈரம் உள்ள வந்திருக்கும் சார்." பூட்டினாலும் குற்றம், திறந்தாலும் குற்றம்! மூன்றாவது ஆள் கேரண்டித் தாளின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். எறும்பு சைஸ் எழுத்தில், தரையிலிருந்து ஏறும் ஈரம் கேரண்டியில் வராது. தரையிலிருந்து ஏறும் ஈரத்துக்குத்தானய்யா உன்னைக் கூப்பிட்டேன்! வேலை செய்தவரின் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. புகாரை மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கிறது செயலி.

பக்கத்து வீட்டுப் பெரியவர் கொத்தனார் வேலை பார்த்தவர். சத்தம் கேட்டு வந்தார், சுவரைப் பார்க்கவே இல்லை, நேரே வெளியே போனார். வீடு அழகாகத் தெரியட்டும் என்று நாங்கள்தான் அந்தச் சுவரை ஒட்டி மண் கொட்டிப் பூச்செடி வைத்திருந்தோம், விற்பனைக்காகவே. மண் அஸ்திவாரத்து ஈரத்தடுப்புப் பட்டைக்கு மேலே ஒரு முழம் ஏறி நிற்கிறது, தினம் இரண்டு வேளை தண்ணீர் வேறு. அந்த ஈரம் செங்கல் வழியாக உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது, உள்பக்கம் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கிப் பெயின்டைத் தள்ளுகிறது. உள்ளே எதைப் பூசினாலும் பின்னாலிருந்து தள்ளும், இல்லையென்றால் இன்னும் உயரமாக ஏறும். பெரியவருக்கு இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆனது. 85 ஆயிரம் வாங்கியவர் மூன்று நாளும் அந்தப் பூச்செடியைத் தாண்டித்தான் உள்ளே வந்தார். ஒரு தடவை கூட வீட்டைச் சுற்றி நடக்கவில்லை. மண் கொட்டியது எங்கள் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்க்கத் தெரிந்தவர் என்றுதானே காசு கொடுத்தோம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. வெளிச்சுவரைப் பார்க்காமல் உள்சுவருக்கு விலை சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள்: தாளின் சுவர்ப் பக்கம் தண்ணீர் துளிர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, அறைப் பக்கம் துளிர்த்தால் காற்றிலிருந்து. புதுச் சிமென்ட் பூச்சு என்றால் 28 நாளாவது போகட்டும், அப்புறம் பெயின்ட். கேரண்டித் தாளின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள், பச்சை விளக்கு எரிந்தாலும்.

மண்ணை வார நாளைக்கு ஆள் வருகிறார். அதற்குக் கூலி தனி.