வாசல் தொட்டியில் எருக்கா, லிமாவ் கஸ்தூரியா?

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் ஆட்கள் நடக்க 1.2 மீட்டர் வழி விட்டது போக, எனக்கு மிஞ்சியது ஒரு பெரிய தொட்டிக்கான இடம்தான். எருக்கு நட்டால் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிட வரும். லிமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சை நட்டால் எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி வரும். இரண்டையும் வளர்த்துப் பார்த்துவிட்டேன்.

பார்வைக்கு எருக்கம்புழுதான் ராஜா. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள். முதுகில் மூன்று இணை கறுப்பு இழைகள். எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் அது ஒளிவதே இல்லை. ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை யோசிக்கும். பூவைப் பிள்ளையாருக்குச் சாத்தலாம். ஆனால் அந்தப் பால் கண்ணில் பட்டால் வினை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடிய அன்றே, செடியைப் புளோக்கின் கீழுள்ள தோட்டத்துக்கு இறக்கிவிட்டேன். ஆள் உயரம் வளர்கிற செடிக்கும் மண்தான் சரி.

எலுமிச்சை அழகியின் புழு நேர் எதிர். சின்னதில் அச்சு அசல் பறவை எச்சம். கடைசியாகத் தோலுரித்ததும் இலைப்பச்சை. ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்குபோல் பிளந்த கொம்பு ஒன்று சட்டென நீண்டது. கூடவே புளித்த எலுமிச்சை வாடை. பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னொரு தடவை, தாத்தா" என்றாள். கூட்டுப்புழுவிலும் வேறுபாடு உண்டு: வெந்தய வரியன் தலைகீழாகத் தொங்கும், இதுவோ இடுப்பில் பட்டிழை கட்டி, மரமேறியைப்போல் சாய்ந்து நிற்கும்.

குறை இல்லாமல் இல்லை. முள் குத்தும். சீனப் புத்தாண்டுக்குக் காயும் கனியுமாக வாங்கிய முதல் செடியில் மருந்து அடித்திருந்தார்கள் போலும். புழுக்கள் இரண்டே நாளில் கறுத்துச் சுருண்டன. புதுத் தளிர் விட்ட பிறகுதான் அந்தச் செடியில் புழு பிழைத்தது. நான்கைந்து புழுக்கள் சேர்ந்தால் தொட்டியை மொட்டையடித்துவிடும், ஆனால் மீண்டும் துளிர்க்கும். என் ஓட்டு இதற்கே.

கறிவேப்பிலை? அதற்குக் கறிவேப்பிலை அழகி வரும். அதன் பெண்களில் சில, 2015இல் சிங்கப்பூரின் தேசிய வண்ணத்துப்பூச்சியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரோஜா அழகியைப் போலவே வேடமிட்டுத் திரியும். நஞ்சுள்ள பூச்சியின் சாயல் இருந்தால் பறவைகள் தொடா. எனக்கும் ஆசைதான். ஆனால், "அப்புறம் ரசத்துக்குத் தாளிக்க நான் தேக்கா சந்தைக்குப் போய் இலை வாங்கவா?" என்று மனைவி கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.