வேலூரில் பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று படியுங்கள்

அக்கா மகள் இந்த வருஷம் பி.காம். சேர்ந்திருக்கிறாள். டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு, தேவை அவ்வளவுதான், பட்ஜெட் இருபதாயிரம். அந்தக் காசுக்குப் புதிது என்று தேடினால் செலரான் என்4020 என்ற வேகம் குறைந்த பிராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (சேமிப்பு இடம்) என்று வருகிறது. பாதி இடத்தை விண்டோஸே தின்றுவிடும், ரேம் பெரும்பாலும் போர்டோடு சால்டர் செய்திருக்கும், பிறகு கூட்டவும் முடியாது. அதனால் ரீஃபர்பிஷ்டு, அதாவது பழையதைச் சரிபார்த்து மறுபடி விற்பது, பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். அந்த முடிவு தப்பில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன், நான் வாங்கிய லட்சணம்தான் தப்பு.

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கடை. பேர் கேட்காதீர்கள், விவகாரம் இன்னும் முடியவில்லை. வெயிலில் காட்பாடியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து ஏசிக்குள் நுழைந்ததுமே பாதி புத்தி தூங்கிவிட்டது. "ஐ5 எய்த் ஜென் சார், 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி, பெங்களூர் கம்பெனி சரக்கு, ஒரு வருஷம் வாரண்டி" என்றார் கடைக்காரர். 18,500 ரூபாய். கீபோர்டுக்குக் கீழே 8வது தலைமுறை என்று பளபளவென்று ஸ்டிக்கர். யூடியூப் ஓடியது, கேமரா ஓடியது. பேட்டரி எப்படி என்று கேட்டேன். "நாலு மணி நேரம் தாராளமா நிக்கும் சார்." நான் அங்கிருந்த முக்கால் மணி நேரமும் சார்ஜர் செருகியே இருந்தது, அதைக் கழற்றச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து சார்ஜரைப் பிடுங்கினால் 35 நிமிஷம். "மாமா, இது மிக்ஸி மாதிரி கத்துது" என்று அவள் வேறு ஃபேன் சத்தத்தைக் காட்டினாள். அப்போதுதான் உட்கார்ந்து செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதற்குள் 'அபவுட்' போய்ப் பார்த்தேன். பிராசசர் பெயர் ஐ5-6300யு. கோட்டுக்கு அப்புறம் வருகிற முதல் எண்தான் தலைமுறை (10வது தலைமுறையிலிருந்து முதல் இரண்டு எண்). அதாவது இது 6வது தலைமுறை, 2015இல் வந்த சிப், இரண்டே கோர் (சிப்புக்குள் கணக்குப் போடுகிற மூளை). 8வது தலைமுறை 8250யு என்றால் நாலு கோர். வெறும் 'ஐ5' என்று சொல்வது, 'பட்டுப்புடவை' என்று மட்டும் சொல்லி விற்கிற மாதிரி.

இதில் இன்னொரு வில்லங்கம். இன்டெல்லில் 8வது தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி அனுமதிக்கிறது (7வதில் ஒன்றிரண்டு விதிவிலக்கு). விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. அதனால் ஸ்டிக்கரையும் மாற்றி, விண்டோஸ் போடும்போது நடக்கிற பிராசசர் சோதனையை ஏமாற்றி 11ஐயும் போட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அடியில் பழைய ஸ்டிக்கரின் பசை சதுரமாகக் கறுத்துப்போய் அப்படியே இருக்கிறது. சுற்றிலும் கை பட்டுப் பட்டு வழவழத்த பிளாஸ்டிக், நடுவில் மட்டும் புத்தம்புது ஸ்டிக்கர். கடையில் இதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

பேட்டரி கதையையும் சொல்லிவிடுகிறேன். கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி', ஒரு இடைவெளி, ஸ்லாஷ், 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு அறிக்கை வரும். அதில் 'டிசைன் கெபாசிட்டி' (புதிதில் பேட்டரி பிடிக்கிற அளவு), 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' (இப்போது பிடிக்கிற அளவு) என்று இரண்டு எண் இருக்கும். எங்களுடையதில் முதலாவது 42,000 மில்லிவாட்-மணி, இரண்டாவது 13,000 சொச்சம். இரண்டு நிமிஷ வேலை. கடையில் செய்திருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பேன்.

மறுநாள் தூக்கிக்கொண்டு போனேன். "சார்"லாம் காணோம். பில்லைத் திருப்பிப் பாருங்க என்றார். பின்னால் பொடி எழுத்தில் பேட்டரி, டிஸ்ப்ளே, அடாப்டருக்கு வாரண்டி கிடையாது, பிராசசருக்கு 7 நாள் 'டெஸ்டிங் வாரண்டி'. மீதி எதற்குத்தான் ஒரு வருஷம் என்று கேட்டேன், பதில் இல்லை. பில்லில் மாடல் எண்ணும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, 'லேப்டாப் ஐ5 – 1' என்று மட்டும். நீங்கள் வாங்கினால் பிராசசரின் முழுப் பெயரையும் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டேன், தமிழிலேயே பேசலாம். புகார் பதிவானதும் கடையிலிருந்து போன், புது பேட்டரி போட்டுத் தருகிறோம், 1,500 மட்டும் கொடுங்க என்று. முடியாது, பணம் வேண்டும் என்றேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதால் அடுத்த வாரம் அங்கே போகிறேன். உரித்த ஸ்டிக்கரை அந்தப் பில்லின் பின்பக்கம் பொடி எழுத்துக்கு மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.