நாலு பை கச்சான் காசுக்கு அளவில்லாக் கஞ்சல்

கிளிநொச்சி டவுனில் ரீலோட் போடும் கடையில் "இதைப் போடுங்கோ தம்பி, எல்லாரும் இதைத்தான் போடுகினம்" என்று அண்ணை சொன்னதால் இந்த முப்பது நாள் அளவில்லா வீடியோ பக்கேஜை எடுத்தேன். எந்தக் கொம்பனி என்று எழுதவில்லை. விலை முறிகண்டியில் நாலு பை கச்சான் வாங்கும் காசு. வேகத்தில் குறையே இல்லை, வட்டக்கச்சியில் வயல் வரம்பில் நின்றாலும் வீடியோ சுற்றாமல் ஓடுகிறது, மழைக்கு மட்டும் கொஞ்சம் இழுக்கும்.

குறை எல்லாம் அந்தக் குழாயால் வருகிற சாமானில். அதற்குக் கொம்பனி என்ன செய்யும் என்று கேட்பீர்கள், சரி, கொஞ்சம் பொறுங்கள்.

முதல் கிழமை முழுக்க ஏஐ படங்கள். ஆங்கிலத்தில் 'ஸ்லொப்' என்கிறார்கள், முன்பு பன்றிக்கு ஊற்றும் கழிவுச் சாப்பாட்டுக்கு இருந்த சொல். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2025இன் சொல்லாக அதைத்தான் எடுத்தது. எங்களுக்குக் கஞ்சல் என்றாலே போதும். 2024இல் பேஸ்புக்கில் இறால் உடம்போடு ஒரு இயேசு சுற்றினாரே, அவர் இப்போதுதான் எங்கள் அம்மம்மாவிடம் வந்து சேர்ந்தார். அம்மம்மா முல்லைத்தீவு, நந்திக்கடல் இறாலோடு வளர்ந்தவர். கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்துவிட்டு, "இதென்ன, இறாலுக்கு மீசையைக் காணேல்ல" என்றார். அப்புறம் ஆமென் போட்டார்.

சித்தப்பாவுக்கு வந்தது 'ரேஜ் பெயிட்'. வேண்டுமென்றே கோபப்படுத்தப் போடும் தூண்டில், ஒக்ஸ்போர்ட்டின் 2025ஆம் ஆண்டுச் சொல். எவனோ ஒரு பெடியன் வன்னிச் சனத்தை நக்கலடித்துப் போட்ட வீடியோவுக்குக் கீழே மனுசன் ஒரு மணித்தியாலம் திட்டி எழுதினார். திட்டும் கொமெண்ட்தான் என்று கணக்கில் ஏற, வீடியோ இன்னும் நாலு பேருக்குப் போகும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய கூத்து மழை மூன்றாம் நாளும் விடாத இரவு நடந்தது. ஒன்பதரைக்கு ஒரு வீடியோ: சிவப்பு அம்புக்குறி, வாயைப் பொத்திய பெண், 'இரணைமடு உடைந்ததா? கடைசி வரை பாருங்கள்.' இரணைமடு எங்கள் பக்கத்துப் பெரிய குளம். கேள்விக்குறி போட்டால் பொய் சொன்னதாகாதாம். இதுதான் 'கிளிக்பெயிட்', எங்கள் ஊரில் பேய்க்காட்டல். பதினொரு நிமிடத்தில் ஏழு நிமிடம் வணக்கமும் சப்ஸ்கிரைப்பும், பிறகு வான்கதவால் தண்ணீர் சீறுகிற காட்சி. அது 2018 டிசம்பர் வெள்ளத்துக் காட்சி என்று மறுநாள்தான் பிடிபட்டது. அதற்குள் அப்பா லாம்போடு போய் மாடுகளை அவிழ்த்து மேட்டில் கட்டிவிட்டார்.

36 அடிக் குளம், இப்போது எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்தால் விசயம் முடிந்தது. அங்கேதான் பக்கேஜின் சூட்சுமம் தெரிந்தது. அளவில்லாதது அவர்கள் பட்டியல் போட்ட ஆப்புகளுக்கு மட்டும். பிரவுசரில் வேறொரு பக்கம் திறந்தால் சாதாரண டேட்டாவில் கழியும், அது எனக்கு இரண்டு நாளுக்கு முன்னமே முடிந்திருந்தது. புலுடா எவ்வளவும் வரலாம், அது புலுடாவா என்று பார்க்கத்தான் காசு வேண்டும். கடையும் பூட்டு. கடைசியில் குளத்தடியில் இருக்கிற மாமாவுக்கு அப்பா கோல் எடுத்தார். "ஒரு கதவும் உடையேல்ல அத்தான், பேசாமப் படுங்கோ" என்று அவர் வைத்துவிட்டார்.

இந்த ஆப்புகள் முன்பு இவ்வளவு மோசமில்லை. முதலில் பாவிப்பவருக்கு நல்லதாக இருந்து, பிறகு விளம்பரக்காரர் பக்கம் சாய்ந்து, கடைசியில் இரண்டு பேரையும் பிழிவதற்கு கோரி டாக்டரோவ் என்ற எழுத்தாளர் 2022இல் 'என்ஷிட்டிஃபிகேஷன்' என்று பெயர் வைத்தார். அதைத் தமிழில் நேரே சொன்னால் அம்மம்மா அகப்பையோடு வருவார், விடுவோம்.

வேகத்துக்கு நாலு நட்சத்திரம், மற்றதுக்கு ஒன்று. எடுக்கிறதென்றால் "இது எல்லாத்துக்குமா, ஆப்புக்கு மட்டுமா?" என்று கடையிலேயே கேளுங்கள், அண்ணை தானாகச் சொல்ல மாட்டார். நான் அடுத்த மாதம் சின்னதாக எல்லாவற்றுக்கும் ஓடுகிற ஒன்றைப் போடுவேன். இதில் இன்னும் ஒன்பது நாள் கிடக்கிறது, அம்மம்மா பார்த்து முடிக்கட்டும். மாடுகள் இன்னும் மேட்டில்தான் நிற்கின்றன, அங்கே புல் நல்லமாம்.