790 கட்டைகளில் பாம்பன் பாலம் எழுமா? லெகோ கிளாசிக் 10698 பெட்டி மதிப்பீடு

செய்முறைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தன் ஊரில் கண்ணால் பார்த்ததைக் கட்டைகளில் கட்ட வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் இந்தப் பெட்டியில்தான். 790 துண்டுகள், 33 நிறங்கள், எல்லாவற்றையும் போட்டு மூட ஒரு பிளாஸ்டிக் பெட்டி. சக்கரம், சன்னல், கதவும் உண்டு. ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு இதை வைத்து என்ன கட்ட முடியும், எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதுதான் இங்கே பேச்சு. வள்ளத்துக்கு இந்தப் பெட்டி போதும், பாலத்துக்குப் போதாது. மூன்று பெட்டி வாங்கினாலும் பாலத்துக்குப் போதாது, அதற்குக் காரணம் எண்ணிக்கை இல்லை, நிறம்.

790-ஐ 33-ஆல் வகுத்தால் ஒரு நிறத்துக்குச் சராசரியாக 24 துண்டுகள்தான் வருகின்றன. அந்த 24-லும் பெரியது, சிறியது, சரிவானது, தட்டையானது என்று எல்லாம் கலந்திருக்கும். புதிய பாம்பன் பாலத்தின் (கப்பலுக்கு வழிவிட நடுத் தளம் இரு கோபுரங்களுக்கு இடையே நேராக மேலே ஏறும் ரயில் பாலம்) இரண்டு கோபுரங்களை மட்டும் கட்டவே, கீழே சொல்லும் அளவில், ஒரே நிறத்தில் 68 இரண்டுக்கு-இரண்டு கட்டைகள் வேண்டும். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாலும் அது கிடைக்காது. பல நிறங்களைக் கலந்து கட்டினால் கோபுரம் நிற்கும், ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது பாம்பன் பாலமாகத் தெரியாது.

முதலில் வள்ளம். நிறக்கலவை இங்கே குறையே இல்லை, கரையில் ஏற்றி வைத்த நாட்டுப்படகுகளே அப்படித்தான் இருக்கின்றன. எட்டு மீட்டர் படகை லெகோ மனித பொம்மை நிற்கும் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 42-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 19 சென்டிமீட்டர், 24 குமிழ் நீளம். (கட்டையின் தலையில் உள்ள உருண்டையைத்தான் குமிழ் என்கிறோம். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர்.) அணியத்தை, அதாவது படகின் முன்முனையைக் கூராக்க, தலைகீழ்ச் சரிவுக் கட்டைகளை நம்பி உட்கார வேண்டாம், அவை சீக்கிரம் தீர்ந்துவிடும். மெல்லிய பிளேட்டுகளை அடுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் கீழ் அடுக்கைவிட ஒரு குமிழ் முன்னே தள்ளினால் அணியம் தானாக எழும்பி வரும். மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு கட்டையின் உயரம் என்பதால் இந்த ஏற்றம் படகுக்கு வேண்டிய அளவு மெதுவாகவே இருக்கும். அடியில் இரண்டு அடுக்கு பிளேட்டை இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி மாற்றி வைக்காவிட்டால், தூக்கும்போது வள்ளம் நடுவில் ஒடியும். எட்டு வயதுப் பிள்ளை ஒரு மாலையில் முடித்துவிடும்.

இனிப் பாலம். அளவைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். லெகோ ரயில் தண்டவாளத்தின் அகலம் 37.5 மில்லிமீட்டர். நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். இரண்டையும் பொருத்தினால் ஏறத்தாழ 45-இல் ஒரு பங்கு. அந்த அளவில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி மட்டுமே 1.6 மீட்டர் வரும், மொத்தப் பாலம் 46 மீட்டர் வரும். வீட்டுக் கூடத்துக்கோ பள்ளிக் கண்காட்சி மேசைக்கோ அது ஆகாது. 200-இல் ஒரு பங்குதான் சரியான அளவு. அதில் அகலப் பாதை 8.4 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது, கிட்டத்தட்ட ஒரு குமிழ் இடைவெளி. தண்டவாளத்துக்குத் தனியாக எதுவும் தேடாமல், வரி போட்ட ஒன்றுக்கு-இரண்டு டைல்களை (தலையில் குமிழ் இல்லாத தட்டைத் துண்டுகள்) வரிசையாகப் பதித்தாலே பாதை வந்துவிடும். இந்தப் பொருத்தம் கிடைத்தபின் வேறு அளவுக்குப் போக மனம் வராது.

கணக்கு இப்படி. புதிய பாலத்தில் 18.3 மீட்டர் கண்கள் (தூணுக்குத் தூண் உள்ள பகுதிகள்) 99, தூக்குப் பகுதி ஒன்று. 18.3 மீட்டர் என்பது 200-இல் 91.5 மில்லிமீட்டர், 11.4 குமிழ். எல்லாவற்றையும் 11 ஆக வைத்தால் பாலம் குட்டையாகும், 12 ஆக வைத்தால் நீளும். ஒரு பக்கம் மூன்று கண்களை 11, 12, 11 என்று வையுங்கள். 34 குமிழ் வரும், உண்மைக் கணக்கு 34.3. தூண்களின் இடைவெளியில் உள்ள அந்த ஒரு குமிழ் வித்தியாசத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தூக்குப் பகுதி 45 குமிழ், கோபுரங்களுக்கு நடுவே 46 குமிழ் இடம். பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர் காற்று விட்டால்தான் தளம் உரசாமல் ஏறும். கோபுரத்தின் 34 மீட்டர் உயரம் 53 பிளேட், அதாவது 17 கட்டையும் 2 பிளேட்டும். தூக்கும் உயரம் 17 மீட்டர், மாதிரியில் 85 மில்லிமீட்டர். கோபுரங்களின் தடிமனைச் சேர்க்காமல் மொத்த நீளம் 114 குமிழ், 91 சென்டிமீட்டர். 99 கண்களையும் கட்ட வேண்டியதில்லை, பக்கத்துக்கு மூன்று போதும்.

தூக்குப் பகுதியின் இரும்புச் சட்டகத்துக்கு ஒன்றுக்கு-நான்கு வலைப்பின்னல் வேலித் துண்டு (எண் 3633) நன்றாகப் பொருந்தும். தளம் 4 குமிழ் அகலம், இரண்டு அடுக்கு பிளேட், இரு ஓரமும் வேலி. 36 சென்டிமீட்டர் தளம் தொய்யாமல் இருக்க, லெகோவின் இயந்திர வரிசையான டெக்னிக்கின், பக்கவாட்டில் துளையுள்ள 1×16 கட்டைகளை (எண் 3703) அடியில் ஓட்ட வேண்டும். இவை எதுவும் 10698-இல் வராது. கிளாசிக் வரிசையே அடிப்படைக் கட்டைகளுக்கானது, அதில் கப்பியோ பல்சக்கரமோ எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

தளம் தானாக எழும்புவதுபோல் மெதுவாக மேலேற வேண்டுமானால் எதிர் எடை (கோபுர உச்சிக் கப்பி வழியாகப் போகும் நூலின் மறுமுனையில் தொங்கும் பாரம்) கட்டாயம். இரண்டு அடுக்குத் தளமும் வேலியும் சேர்ந்து 60 கிராம் அளவில் இருக்கும், டெக்னிக் கட்டை சேர்ந்தால் கூடும். ஊகிக்காமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி ஒவ்வொரு கோபுரத்தின் பங்கு. வெளியளவு 3×6 குமிழ், உயரம் மூன்று கட்டை என்று ஒரு கூடு கட்டினால், உள்ளே 1×4 குமிழ் சந்து கிடைக்கும். 10 ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் விட்டம், ஏறத்தாழ 7.7 கிராம். செங்குத்தாக வைத்தால் அந்தச் சந்தில் நான்கு நாணயங்கள் அச்சாக உட்காரும். கூட்டின் எடையே 12, 14 கிராம் இருக்கும் என்பதால் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நாணயம் போதும். எதிர் எடை தளத்தின் பங்கைவிட 2, 3 கிராம் குறைவாகவே இருக்கட்டும். சமமாக வைத்தால் தளம் கீழே வந்து உட்காராமல் நடுவானத்தில் தொங்கும். கூடு ஏறி இறங்க, கோபுரத்தின் இரு கால்களுக்கு நடுவே 7 குமிழ் இடம் விட வேண்டும். அதனால் கோபுரம் அகலவாக்கில் உண்மையைவிடப் பருமனாகும், வேறு வழியில்லை.

நூல் விஷயத்தில் கடற்கரைக்காரர்களுக்குக் கை உடனே தங்கூஸ் நரம்பிடம் போகும். அது வேண்டாம். சுருண்ட நினைவு போகாது, சின்னக் கப்பியில் வழுக்கும், முடிச்சு தானாக அவிழும். வலை முடையும் மெல்லிய நைலான் நூல் இதற்கு உயர்ந்தது. இரு எதிர் எடைகளின் அடியிலிருந்தும் தனித்தனி நூல் இறங்கி, அடித்தளத்துக்குள் ஓடி, ஒரே அச்சில் சுற்ற வேண்டும். ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனிக் கைப்பிடி வைத்தால் ஒரு முனை முந்தும், தளம் சாய்ந்து தடத்தில் மாட்டிக்கொள்ளும். வேலை செய்யாமல் நிற்கும் தூக்குப் பால மாதிரிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். தளத்தின் முனை உரசும் கோபுரச் சுவரில் கட்டை இணைப்புகளின் கோடுகள் தட்டும். அங்கே பக்கவாட்டில் குமிழ் உள்ள கட்டைகளை வைத்து, வழவழப்பான டைல்களை நிமிர்த்திப் பதியுங்கள். இப்படிப் பக்கவாட்டில் கட்டும்போது 5 பிளேட் தடிமனும் 2 குமிழ் அகலமும் சமம் (இரண்டுமே 16 மில்லிமீட்டர்) என்பது எப்போதும் நினைவில் இருக்கட்டும்.

1914-இல் திறந்த பழைய பாலத்தைக் கட்ட விரும்புபவர்களுக்கு ஒரு சொல். ஷெர்சர் தூக்குப் பாலத்தின் இரு இறக்கைகளையும் சாதாரணக் கீல் போட்டுத் திறப்பது பலர் செய்வது. உண்மையில் அந்த இறக்கை ஒரே புள்ளியில் திரும்புவதில்லை. அடியிலுள்ள வளைந்த பாகம் தண்டவாளத்தின்மேல் பின்னோக்கி உருண்டு, இறக்கை எழும்போதே கரைப்பக்கமாக விலகும். அந்த விலகல் இல்லாவிட்டால் கப்பலுக்கு வழி குறையும். வளைவு பாகங்களை அடியில் வைத்து, பல்வரிசைத் துண்டின்மேல் உருள விடுபவர்தான் அந்தப் பாலத்தைப் புரிந்துகொண்டு கட்டியவர். அப்படி ஒரு மாதிரியைப் பார்த்தால் நின்று பார்க்கத்தான் தோன்றும்.

ராமேஸ்வரம் மூன்றாம் பிராகாரமும் பலர் கேட்பது. 1212 தூண்களையும் எண்ணிக் கட்டுவது வீண் வேலை. தூண் வரிசைகளை உள்ளே போகப் போக நெருக்கி, உயரத்தை ஆறு கட்டையிலிருந்து இரண்டு கட்டை வரை படிப்படியாகக் குறைத்தால் பத்து இணைத் தூண்களிலேயே முடிவில்லாத தாழ்வாரம் தெரியும். ஒன்றுக்கு-ஒன்று உருளைக் கட்டைகள் வேண்டும், அவற்றை உதிரியாகத்தான் வாங்க வேண்டும். கடைசியில் கண்ணாடி வைக்கலாமே என்று தோன்றும், இந்த வடிவத்தில் வைக்காதீர்கள். சிறுத்துப் போன தூண்கள் கண்ணாடிக்குள் மறுபடி பெருத்துக்கொண்டே போய் மாயையைக் கெடுக்கும். எல்லாத் தூணும் ஒரே உயரமாக இருக்கும் மாதிரிக்குத்தான் கண்ணாடி.

உதிரி வாங்கும் முன் கணினியில் கட்டிப் பார்ப்பது பணத்தைக் காக்கும். பிரிக்லிங்க் நிறுவனத்தின் ‘ஸ்டூடியோ’ மென்பொருள் இலவசம், விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். கட்டி முடித்ததும் துண்டுப் பட்டியலையும் படிப்படியான செய்முறையையும் அதுவே தரும். நிறத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஒரு துண்டு அந்த நிறத்தில் தயாரிக்கப்பட்டதே இல்லை என்றாலும் திரையில் அழகாக உட்காரும். பட்டியல் எடுக்கும் முன் அதைச் சரிபாருங்கள். நூலில் தொங்கும் பாரத்தையும் அது கணக்கில் எடுக்காது, எதிர் எடைக் கணக்கு உங்களுடையதே.

விலை மலிவான ஒத்த வகைக் கட்டைகளை 10698-உடன் கலக்கலாமா? வள்ளத்தில் கலக்கலாம், கோபுரத்தில் கூடாது. எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பத்துக் கட்டைகளை அடுக்கி, மேல் குமிழைச் சேர்க்காமல் அளந்தால் லெகோவில் 96 மில்லிமீட்டர் வர வேண்டும். மற்ற வகை 97 காட்டினால், 17 கட்டைக் கோபுரத்தில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு. ஒரு கோபுரம் ஒரு வகையிலும் மற்றது இன்னொரு வகையிலும் கட்டினால் தளம் சமமாக நிற்காது. எந்த வகையானாலும் பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

லெகோ கட்டைகளின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை உப்புக் காற்று அரிக்காது. உண்மைப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும் தேவைப்பட்ட இடத்தில், நம் மாதிரி அந்தக் கவலை இல்லாமல் நிற்கும். ஆனால் காற்றில் வரும் ஈரம் தூசியைப் பசைபோல் குமிழ்களுக்கு நடுவே ஒட்ட வைக்கும். நுண்மணல் டைல்களில் கீறல் போடும். உலர் துணியால் தேய்க்காமல், மென்மையான தூரிகையால் முதலில் மணலைத் தட்டிவிட்டு, 40 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் லேசான சோப்புடன் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயப்போட்டால் வெள்ளையும் சாம்பலும் நாளடைவில் மஞ்சளிக்கும். நேர் வெயில் விழும் சன்னல் பக்கமும் அதே காரணத்தால் காட்சிக்கு ஆகாது. மோட்டார் வைத்திருந்தால் உப்பு முதலில் தின்பது அதன் மின் இணைப்புகளை. காட்சி முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

பாலத்துக்கு இரண்டாவது 10698 வாங்கும் பணத்தில் ஒரே நிறத்தில் இரண்டுக்கு-இரண்டு கட்டைகளும், வேலித் துண்டுகளும், டெக்னிக் கட்டைகளும் உதிரியாக வாங்குவதே எங்கள் பரிந்துரை. முதல் பெட்டி தூணுக்கும் அடித்தளத்தின் உள்நிரப்புக்கும் பயன்படும், உள்ளே மறைவதற்கு நிறம் பொருட்டில்லை. நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு வாங்குவதானால் தயங்கவே வேண்டாம்.

கட்டிய பாலத்தைப் பள்ளிக்கு எடுத்துப் போவதானால் கோபுரங்களின் வெளிப்பக்கத்தில் பிரித்து மூன்று துண்டாக்குங்கள், இணைப்புக்கு இடத்துக்கு இரண்டு டெக்னிக் ஊசிகள் போதும். தளத்தைக் கீழே இறக்கி, கோபுரத்தோடு ஒரு பிளேட்டால் பூட்டுங்கள். வண்டியில் ஏற்றும் முன் நாணயங்களை எடுத்துவிட வேண்டும், குலுங்கும் கூடுதான் முதலில் கழன்று விழுந்து நூலைச் சிக்கலாக்கும்.