பழைய சுவிட்சைக் கொடுக்கிறீர்களா? அழிப்புச் சான்றிதழை நம்பாதீர்கள்

பெங்களூரில் அலுவலகம் காலி செய்பவர்கள், பழைய நெட்வொர்க் சாமான்களைக் கழிப்பவர்கள் கவனத்துக்கு.

அலுவலகக் கணினிகளை ஒரே வலையமைப்பில் இணைக்கும் பெட்டிதான் சுவிட்ச். எங்கள் பழைய சுவிட்சுகளை, கணினிச் சாமான்களை மொத்தமாக எடுக்கும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று தரவு அழிப்புக் கட்டணம் தனி. ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் அச்சிட்டு, 'அனைத்துத் தரவும் நிரந்தரமாக அழிக்கப்பட்டது' என்று முத்திரை குத்திய சான்றிதழ் வந்தது. தணிக்கையாளருக்கும் அது போதுமானதாக இருந்தது; முத்திரை இருந்தால் அவர்களுக்கு எதுவும் போதும்.

பிறகு பெங்களூரின் மின்னணுச் சாமான் சந்தையான எஸ்.பி. ரோட்டில் கடை வைத்திருக்கும் ஆம்பூர்க்காரர் போன் செய்தார். எங்களுக்குக் கேபிள் கொடுப்பவர். "சார், உங்கள் ஆபீஸ் சுவிட்ச் ஒன்று கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. உள்ளே எல்லாம் அப்படியே கிடக்கிறது. ஒருமுறை வந்து பார்த்துவிடுங்கள்."

போய், சுவிட்சை மடிக்கணினியிலிருந்து நேரடியாக இயக்க உதவும் கன்சோல் கேபிளைச் செருகினேன். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 மாடல். மேலுக்குப் பச்சைக் குழந்தைதான்: பெயர் வெறும் 'சுவிட்ச்', கடவுச்சொல் கேட்கவில்லை. ஃபிளாஷ் நினைவகத்தின் கோப்புப் பட்டியலை எடுத்தபோதுதான் 'கான்ஃபிக்.டெக்ஸ்ட்.ரீநேம்டு' என்ற கோப்பு கண்ணில் பட்டது. திறந்தால் எங்கள் நிறுவனத்தின் பெயர், மாடி எண், நிர்வாகிகளின் பயனர் பெயர்கள், உள்ளே நுழைபவர்களைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரின் முகவரி, அதன் ரகசியச் சாவி, வரிசையாக ஓடுகின்றன.

முன்பக்கத்து 'மோட்' பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த வகைச் சுவிட்ச் அப்போது பழைய அமைப்புக் கோப்பை அழிப்பதில்லை. பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, புதிதுபோல எழுந்து நிற்கிறது. 'ரைட் இரேஸ்' கட்டளை கொடுத்தாலும் போவது தொடக்க அமைப்பு மட்டுமே. விலான் (வலையமைப்பின் உட்பிரிவு) விவரங்கள் உள்ள 'விலான்.டாட்' கோப்பு ஃபிளாஷிலேயே தங்கும். அதைத் தனியாக அழிக்க வேண்டும். 'வகை 7' என்று உருமாற்றி எழுதப்பட்ட கடவுச்சொற்களையும் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். அவற்றை நொடியில் அவிழ்க்கும் கருவிகள் இணையத்தில் இலவசம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2023-இல் ஈசெட் பாதுகாப்பு நிறுவனம் பழைய சந்தையில் 18 ரௌட்டர்களை வாங்கிப் பார்த்தது. ஆராய முடிந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் முந்தைய உரிமையாளரின் அமைப்பு விவரங்கள் அப்படியே இருந்தன.

சான்றிதழ் கொடுத்த நிறுவனத்தின் மேலாளரோ சிரித்தார். "ஆன் செய்தால் புதிதுபோலத்தானே சார் வருகிறது?" வாக்குவாதம் முற்றியதும், அந்த ஒரு பெட்டிக்கான கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னார். என்ன தாராளம்!

நாங்கள் அன்றிரவே ரேடியஸ் சாவியையும் கடவுச்சொற்களையும் மாற்றினோம். நீங்கள் பெட்டியை ஒப்படைக்கும் முன், கன்சோலில் ஃபிளாஷ் பட்டியலை எடுத்து, மிச்சக் கோப்புகளை உங்கள் கையாலேயே அழித்துவிடுங்கள். அழிப்புக் கட்டணம் கேட்பவரிடம், அழித்த பிறகு எடுத்த பட்டியலை ஒவ்வொரு பெட்டிக்கும் கேளுங்கள். எங்கள் மற்றச் சுவிட்சுகள் யாரிடம் போயின என்ற கேள்விக்கு அந்த மேலாளர் இன்னும் பதில் தரவில்லை.